கட்சி கட்டிய கண்ணாடி வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொன்ன வார்த்தை அது. நாலே பேர் உள்ள குடும்பம் வீடு கட்டத் தொடங்கினால் கூட என்ன நடக்கிறது? தாத்தாவுக்குத் திண்ணை வேண்டும். அம்மாவுக்குச் சமையலறையில் புகை போக வழி வேண்டும். பிள்ளைக்கு மாடியில் தனி அறை வேண்டும். அப்பாவுக்கோ, கையில் இருக்கிற பணத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும்!

நாலு பேர் வீட்டுக்கே இந்தப் பாடு என்றால், லட்சக்கணக்கான பேர் சேர்ந்த ஓர் அரசியல் கட்சி தனக்கென்று வீடு கட்டினால் எப்படி இருக்கும்? யாருடைய ஆசைப்படி கட்டுவது? கோட்டை மாதிரிக் கட்டுவதா, சத்திரம் மாதிரிக் கட்டுவதா? பணத்துக்கு எங்கே போவது? எல்லாவற்றுக்கும் மேலே, கட்டி முடித்த பிறகு கட்சி இளைத்துப் போய்விட்டால் அத்தனை பெரிய வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தக் கேள்விகள் அத்தனையையும் சந்தித்த வீடு ஒன்று பாரிஸ் மாநகரில் இருக்கிறது. பிரஞ்சுக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைமைக் காரியாலயம் அது. அதற்குத் திட்டம் வரைந்து கொடுத்தவர், பிரேஸில் நாட்டைச் சேர்ந்த உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் ஆஸ்கார் நீமாயர். வாருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அந்தக் கட்சியின் கொள்கை உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை. செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் தேசிங்கு ராஜாவின் கட்சிக்காரர்களா, என்ன?

நாலாவது நிலையம்

பாரிஸில் ஓடும் மெட்ரோ ரயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் 2-ஆம் நம்பர் வண்டியில், பார்பெஸ் நிலையத்தில் ஏறிக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியில் வண்டி பூமிக்கு மேலே, உயரமான இரும்புத் தூண்களின் மேல் ஓடும். ஜன்னல் வழியாக ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம். லா ஷப்பேல், ஸ்டாலின்கிராட், ஷோரெஸ் என்று மூன்று நிலையங்கள் வந்து போகும். பிறகு வண்டி திடீரென்று பூமிக்குள் நுழைந்து, நாலாவது நிலையத்தில் நிற்கும். அந்த நிலையத்தின் பெயர் 'கர்னல் ஃபாபியன்'. அங்கே இறங்கிவிடுங்கள்.

படியேறி மேலே வருவதற்கு முன்னால், யார் இந்த கர்னல் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 21-ஆம் தேதி. பாரிஸ் நகரம் ஹிட்லரின் படைகள் வசம் இருந்த காலம். நீங்கள் சற்று முன் வண்டி ஏறினீர்களே, அந்தப் பார்பெஸ் நிலையத்தில் காலை நேரத்துக் கூட்டம். ஜெர்மன் கடற்படையைச் சேர்ந்த ஒருவன் வண்டியில் கால் வைத்தான். பின்னாலிருந்து ஓர் இளைஞன் அவனைச் சுட்டுவிட்டு ஓடி மறைந்தான். பாரிஸ் நகருக்குள் ஆக்கிரமிப்புப் படைக்கு எதிராக வெடித்த முதல் துப்பாக்கிகளில் ஒன்று அது. பதிலுக்கு ஜெர்மானியர்கள் பிணைக் கைதிகளைச் சுட்டுத் தள்ளத் தொடங்கினார்கள். அந்தச் செயல் சரியா, தவறா என்று பிரான்ஸ் நாட்டில் அன்றைக்கே பலர் மனம் குமைந்தார்கள்.

சுட்டவனின் பெயர் பியேர் ஜார்ஜ். வயது 22. கம்யூனிஸ்டுத் தொழிலாளி. பதினேழு வயதிலேயே ஸ்பெயின் தேசத்து உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்று போராடிய வீரன். தலைமறைவாக இருந்தபோது அவன் வைத்துக்கொண்ட பெயர்களில் ஒன்றுதான் ஃபாபியன். பாரிஸ் விடுதலை பெற்றதைக் கண்ணால் பார்த்தான். ஆனால் யுத்தம் முடிவதைப் பார்க்க அவன் இல்லை. 1944 டிசம்பர் 27-ஆம் தேதி அல்ஸாஸ் பிரதேசத்துப் போர்முனையில் கண்ணிவெடி ஒன்று அவன் உயிரைக் குடித்தது. அடுத்த வருஷம் ஒரு சதுக்கத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் அவன் பெயரைச் சூட்டினார்கள். அவன் சுட்ட நிலையமும் அவன் பெயர் தாங்கிய நிலையமும் ஒரே பாதையில், நாலு நிலைய தூரத்தில் இருக்கின்றன.

அதற்கு முன்பு அந்தச் சதுக்கத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'சண்டைச் சதுக்கம்'! அரசியல் சண்டை அல்ல. பழைய நாளில் அங்கே காளைகளையும் நாய்களையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் கொட்டகை ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதை மூடிவிட்டார்கள்; பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1936-ல் ஸ்பெயின் போருக்குப் புறப்பட்ட தொண்டர்கள் பெயர் கொடுத்த தொழிற்சங்க மாளிகையும் இந்தச் சதுக்கத்தை ஒட்டிய மாத்யூரின் மோரோ சாலையில்தான் இருந்தது. ஆகவே கட்சிக்காரர்களுக்கு இது பழகிய மண்.

தீப்பிடித்த பழைய வீடு

புது வீடு எதற்கு? பழைய வீட்டில் என்ன குறை?

1937 முதல் கட்சியின் தலைமைக் காரியாலயம் லெ பெலத்தியே தெருவில், 44-ஆம் எண் வீட்டில் இருந்தது. நகரின் நடு மத்தி. வங்கிகளும் வியாபார ஸ்தலங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் பேட்டை. தெருவோ குறுகல். 1956-ஆம் ஆண்டு ஹங்கேரி நாட்டு மக்கள் கிளர்ந்து எழுந்தபோது சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் நகருக்குள் புகுந்தன. பிரஞ்சுக் கம்யூனிஸ்டுகள் மாஸ்கோவின் பக்கம் நின்றார்கள். பாரிஸ் மக்களில் பலருக்கு இரத்தம் கொதித்தது. நவம்பர் 7-ஆம் தேதி இரவு பெருங்கூட்டம் ஒன்று லெ பெலத்தியே தெருவுக்குள் நுழைந்து காரியாலயத்தைத் தாக்கித் தீ வைத்தது. உள்ளே இருந்தவர்கள் மாடியிலிருந்து கைக்குக் கிடைத்ததை எல்லாம் வீசி எதிர்த்தார்கள்.

இப்படி ஓர் இரவை அனுபவித்தவர்கள் அடுத்த வீட்டை எப்படிக் கட்டுவார்கள்? நீங்களும் நானுமாக இருந்தால் கருங்கல் சுவரும் இரும்புக் கதவும் போட்டுத்தான் கட்டுவோம். கட்சியின் வரவு செலவைக் கவனித்து வந்த ஜார்ஜ் கோஸ்னாவும் மற்றத் தலைவர்களும் எந்த மாதிரியான மனிதரைத் தேடிப் பிடித்தார்கள் என்பதுதான் கதையின் ருசி.

நாடு விட்டு வந்த கலைஞர்

ஆஸ்கார் நீமாயர் 1907-ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோ நகரில் பிறந்தவர். 1945-ல் பிரேஸில் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். நியூயார்க் நகரிலுள்ள ஐக்கிய நாடுகள் சபைக் கட்டடத்துக்குத் திட்டம் வகுத்த பல தேசத்து நிபுணர்களில் அவரும் ஒருவர்.

அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது பிரேஸிலியா. பொட்டல் மேட்டு நிலத்தில் ஒரு புதிய தலைநகரம் எழுப்ப வேண்டும் என்று ஜனாதிபதி குபிட்ஷெக் முடிவு செய்தார். நகருக்குத் திட்டம் போட்டவர் லூசியோ கோஸ்டா. மாளிகைகளை வடிவமைத்தவர் நீமாயர். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி புதிய தலைநகரம் திறக்கப்பட்டது. ஜனாதிபதி மாளிகை, பாராளுமன்றம், உச்ச நீதிமன்றம், தேவாலயம் எல்லாம் அவருடைய கைவண்ணம். பாராளுமன்றத்தில் மேல் சபைக்கு ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்தாற்போலவும், கீழ்ச் சபைக்கு இன்னொரு சட்டியை நிமிர்த்தி வைத்தாற்போலவும் கூரை அமைத்தார்.

நாலே வருஷம். 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்துக்கொண்டது. தாம் பார்த்துப் பார்த்துக் கட்டிய மாளிகைகளில் தளபதிகள் வந்து அமர்ந்ததை நீமாயர் கண்ணால் காண நேர்ந்தது. 1965-ல், சர்க்காரின் தலையீட்டைப் பொறுக்காமல் பிரேஸிலியா பல்கலைக் கழகத்தின் ஆசிரியர்கள் இருநூறு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் ராஜினாமா செய்தார்கள். அவர்களில் நீமாயரும் ஒருவர். உள்நாட்டில் வேலை வாய்ப்புகள் குறைந்தன. அவர் பாரிஸ் நகருக்கு வந்து சேர்ந்தார்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அப்போது பிரான்ஸை ஆண்டவர் ஜெனரல் டி கால்; கம்யூனிஸ்டுகளுக்கு நேர் எதிரி. அவருடைய கலாசார மந்திரி ஆந்த்ரே மால்ரோ என்ற எழுத்தாளர். மால்ரோ 1959-லேயே பிரேஸிலியாவுக்குப் போய், கட்டிக்கொண்டிருந்த நகரத்தைப் பார்த்து வியந்து வந்தவர். வெளிநாட்டவரான நீமாயர் பிரான்ஸில் தொழில் செய்ய அனுமதி வேண்டியிருந்தது. மால்ரோ எடுத்துச் சொன்னார். டி கால் சர்க்கார் விசேஷ அனுமதி கொடுத்தது. கம்யூனிஸ்டுக் கட்சிக்கு வீடு கட்ட வந்தவருக்குக் கதவைத் திறந்து விட்டது கம்யூனிஸ்டுகளின் எதிரிதான்!

1965-ஆம் ஆண்டு வாக்கில் கட்சி அவரிடம் வேலையை ஒப்படைத்தது. சம்பளம்? ஒரு சல்லி கூட வேண்டாம் என்றுவிட்டார். தோழர்களுக்குத் தம்முடைய காணிக்கை என்று திட்டத்தை வரைந்து கொடுத்தார்.

காலி இடம்தான் கட்டடம்

சரி, இப்போது படியேறி மேலே வாருங்கள்.

கர்னல் ஃபாபியன் சதுக்கம் பாரிஸின் வடகிழக்குப் பகுதியில், தொழிலாளர்கள் நிறைந்த பெல்வில் மேட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. மனை சதுரமும் அல்ல, நீள்சதுரமும் அல்ல. கோணல் மாணலான மனை. தரையும் சமம் இல்லை, சரிவு. பின்னாலும் பக்கத்திலும் பழைய குடியிருப்புகள்.

சாதாரணக் கட்டடக்காரராக இருந்தால் தெருவின் விளிம்பு வரையில் சுவரை இழுத்து, மனையில் ஓர் அங்குலம் வீணாகாமல் நிரப்பியிருப்பார். நம் ஊரிலும் அப்படித்தானே செய்கிறார்கள்? பிறகு ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும்!

நீமாயர் தலைகீழாக யோசித்தார். எவ்வளவு கட்டுவது என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு காலியாக விடுவது என்று கேட்டுக்கொண்டார். காரியாலய அறைகளை எல்லாம் ஒரே நீளமான ஒல்லிக் கட்டடமாக்கி மனையின் பின் பக்கம் தள்ளினார். நேர்கோட்டில் வைக்கவில்லை, காற்றில் படபடக்கும் கொடியைப் போல வளைத்து வைத்தார். வளைத்ததால் நீளம் குறையாமல் மனைக்குள் அடங்கிற்று. முன்னால் பெரிய திடல் ஒன்று கிடைத்தது. கட்டடத்தையும் தரையில் உட்கார வைக்காமல் சில தடித்த கான்கிரீட் கால்களின் மேல் நிறுத்தினார். அதனால் தரை, கட்டடத்துக்கு அடியிலும் தடையில்லாமல் ஓடுகிறது.

நேர்கோடு மனிதன் கண்டுபிடித்தது. மலையிலும் நதியிலும் கடல் அலையிலும் பெண்ணின் உருவத்திலும் இருப்பது வளைவு என்பது நீமாயரின் கொள்கை. வாழ்நாள் முழுவதும் அதைச் சொல்லி வந்தார். ரியோ நகரத்துக் குன்றுகளையும் கடற்கரையையும் பார்த்து வளர்ந்தவர் வேறு எப்படிச் சொல்வார்?

கண்ணாடி அலை

கட்டடத்தை நிமிர்ந்து பாருங்கள். சுவர் எங்கே? சுவரே இல்லை! மேலிருந்து கீழ் வரை, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கண்ணாடி. அடுக்கு அடுக்காக மாடிகள். பகலில் பாரிஸின் ஆகாயமும் மேகமும் அதில் வளைந்து நெளிந்து மிதக்கின்றன. இரவில் ஒவ்வொரு மாடியும் விளக்கேற்றி வைத்த நீண்ட கொலுப்படி மாதிரித் தோன்றுகிறது.

கண்ணாடிச் சுவர் எப்படி நிற்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கட்டடத்தின் பாரம் முழுவதையும் உள்ளே இருக்கும் கான்கிரீட் எலும்புக்கூடு தாங்கிக்கொள்கிறது. வெளிப்புறக் கண்ணாடிக்குத் தாங்கும் வேலையே இல்லை. ஜன்னலில் திரை தொங்குவது போல அது மாடித் தளங்களின் விளிம்பில் தொங்குகிறது. இதற்குத் 'திரைச் சுவர்' என்றே பெயர். இந்தத் திரைச் சுவரை அமைத்தவர் ஜான் ப்ரூவே. உலோகத் தகட்டை வளைத்து வீடும் நாற்காலியும் செய்வதில் அவருக்கு நிகர் அந்த நாட்டில் இல்லை. யுத்த காலத்தில் எதிர்ப்பு இயக்கத்தில் பாடுபட்டவர். விடுதலைக்குப் பின் நான்ஸி நகரத்தின் மேயராகவும் இருந்தவர். பால் ஷெமெத்தோவ், ஜான் தெரோஷ், ஹோஸே லூயிஸ் பின்ஹோ ஆகிய கட்டடக் கலைஞர்கள் நீமாயருடன் சேர்ந்து உழைத்தார்கள். பின்னாளில் பாரிஸில் நிதி மந்திரிசபையின் பிரம்மாண்டமான காரியாலயத்தைக் கட்டியவர்களில் ஷெமெத்தோவ் ஒருவர்.

கல் வீச்சும் தீ வைப்பும் பட்டுத் தப்பிய கட்சி, கண்ணாடி வீட்டில் குடியேறியது! எங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, உள்ளே பாருங்கள் என்று உலகத்துக்குச் சொல்வது போலிருந்தது அது. ஆனால் அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். வீட்டுக்குள் நுழைந்த பிறகு பேசுவோம்.

பூமிக்குள்ளே ஒரு கூடம்

நுழைவது எப்படி? அதுதான் முதல் ஆச்சரியம். தலைமைக் காரியாலயம் என்றால் அகலமான படிக்கட்டும், உயரமான தூண்களும், சிங்க முகம் வைத்த வாயிலும் இருக்கும் என்றல்லவா நினைப்போம்? இங்கே வாயிலைத் தேட வேண்டியிருக்கிறது. திடலின் தரை ஒரு மேடாக எழும்பி நிற்கிறது. அந்த மேட்டின் அடியில் தாழ்வான ஒரு திறப்பு. குனிய வேண்டியதில்லை, ஆனால் குனிய வேண்டுமோ என்று ஒரு கணம் தோன்றும்.

உள்ளே போனதும் கண் விரிகிறது. பூமிக்கடியில் பரந்து கிடக்கும் பெரிய கூடம். தரையே ஏறி இறங்குகிறது, சின்னக் குன்றுகளின் மேல் நடப்பது போல. சுவர்களில் பூச்சு இல்லை. கான்கிரீட் வார்ப்பதற்காக அடித்த பலகைகளின் நரம்பும் கணுவும் அப்படியே சுவரில் பதிந்து நிற்கின்றன. தச்சனின் வேலையை மறைக்காமல் காட்டுகிற சுவர். இந்தக் கூடத்துக்கு 'தொழிலாளி வர்க்கத்தின் கூடம்' என்று பெயர் வைத்தார்கள். பொதுமக்கள் வந்து போகவும், கூட்டம் போடவும், கண்காட்சி வைக்கவும் உள்ள இடம். தலைவர்களின் அறைகள் மாடியில். தொழிலாளியின் கூடம் வாசலிலேயே. உச்சியில், மொட்டை மாடியிலிருந்து ஊரைப் பார்க்கலாம்.

பத்திரிகைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பூமிக்குள் புதைந்த பகுதியைப் பார்த்துவிட்டு "பதுங்கு குழி" என்று பட்டப் பெயர் வைத்தார்கள். மேலே பார்த்தால் எல்லாம் தெரிகிற கண்ணாடி. கீழே பார்த்தால் ஒன்றும் தெரியாத குகை. இரண்டும் ஒரே வீட்டில். அந்தக் கட்சியின் குணமும் அன்று அப்படித்தான் இருந்தது என்று சொன்னவர்கள் உண்டு. தேர்தலில் வெளிப்படையாக நின்று லட்சக்கணக்கில் ஓட்டு வாங்குவார்கள். உள் விவாதம் மட்டும் வெளியே கசியாது. நீமாயர் இதை நினைத்துத்தான் கட்டினார் என்று சொல்லிவிட முடியாது. நல்ல கண்ணாடி எதிரே நிற்பவரின் முகத்தை உள்ளபடி காட்டத்தானே செய்யும்!

வெள்ளைக் கும்மட்டம்

மாடிக் கட்டடம் 1971-ல் முடிந்தது. கட்சி குடியேறியது. ஆனால் திட்டத்தின் கண்ணான பகுதி பாக்கி இருந்தது. கட்சி அங்கத்தினர்கள் கொடுத்த நன்கொடையைக் கொண்டு கட்டும் வீடு. பணம் சேரச் சேரத்தானே வேலை நடக்கும்? பாக்கிப் பகுதி 1980-ல்தான் நிறைவேறியது. அந்தப் பகுதிதான் இன்று உலகமெங்கும் படங்களில் பிரசித்தமான வெள்ளைக் கும்மட்டம்.

திடலின் நடுவே, பாதி பூமிக்குள் புதைந்த ராட்சச முட்டை மாதிரி அது நிற்கிறது. அடியில் மத்தியக் கமிட்டி கூடும் வட்டமான சபை மண்டபம். உயரம் 11 மீட்டர். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் மூச்சு நின்றுவிடும். கூரையிலிருந்து ஆயிரக்கணக்கான அலுமினியத் தகடுகள் நெருக்கமாகத் தொங்குகின்றன. அவற்றுக்குப் பின்னால் விளக்குகள். விளக்கு எது என்று தெரியாது. வெளிச்சம் மட்டும் ஆகாயத்திலிருந்து இறங்குவது போல ஒரே சீராக இறங்கும்.

தகடுகள் அழகுக்காக மட்டும் அல்ல. உருண்டைக் கூரையின் அடியில் பேசினால் எதிரொலி கிளம்பி ஒரு வார்த்தையைப் பத்து வார்த்தையாக்கிவிடும் என்பது பழைய மண்டபங்களுக்குள் கை தட்டி விளையாடிய குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அரசியல்வாதிகள் பேச்சு எதிரொலி இல்லாமலே நீளம். எதிரொலியும் சேர்ந்தால் கேட்பவர் கதி என்ன? இந்தத் தகடுகள் ஒலியைச் சிதற அடித்து விடுகின்றன. பேசுகிறவர் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஒரே பொருள் வெளிச்சத்தையும் பங்கிடுகிறது, ஒலியையும் பழக்குகிறது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்!

இந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. ஜனாதிபதி பொம்பிதூ, கம்யூனிஸ்டுகள் செய்த காரியங்களில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று சொன்னாராம். எதிராளி வாயால் கிடைத்த பாராட்டு என்பதால், இந்தக் கதையைக் கட்சிக்காரர்களே ரசித்துச் சொல்வதுண்டு.

வீடு நிமிர்ந்தது, கட்சி தளர்ந்தது

இனி வருவது சற்று வருத்தமான பகுதி.

திட்டம் தீட்டிய காலத்தில் அந்தக் கட்சி எவ்வளவு பெரியது! 1967 பொதுத் தேர்தலின் முதல் சுற்றில் நூற்றுக்கு 22 ஓட்டுக்கு மேல் வாங்கியது. 1969-ல் ஜனாதிபதி பதவிக்கு நின்ற ஷாக் டியூக்ளோ நூற்றுக்கு 21 ஓட்டுக்கு மேல் பெற்றார். பிரான்ஸ் நாட்டில் ஓட்டுப் போட்டவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் கம்யூனிஸ்டு! நாளை நாமே ஆளப் போகிறோம் என்ற நம்பிக்கையில் போட்ட திட்டம் அது.

1980-ல் கும்மட்டம் எழும்பியது. அடுத்த வருஷமே, 1981 ஜனாதிபதித் தேர்தலில், கட்சித் தலைவர் ஜார்ஜ் மார்ஷேக்குக் கிடைத்தது நூற்றுக்கு 15 சொச்சம். சோஷலிஸ்டுத் தலைவர் மித்தரான் வென்றார். அவருடைய மந்திரிசபையில் நாலு கம்யூனிஸ்டுகள் இடம் பெற்று, 1984-ல் வெளியேறினார்கள். 1991-ல் சோவியத் யூனியனே மறைந்தது. 2002-ல் ராபர்ட் ஹூ பெற்ற ஓட்டு 3.37 சதவீதம். 2007-ல் மாரி ஜார்ஜ் பூஃபே பெற்றது 1.93. ஐந்தில் ஒருவராக இருந்தவர்கள், ஐம்பதில் ஒருவராகக் கூட இல்லை.

அந்த நாட்டுச் சட்டப்படி, நூற்றுக்கு ஐந்து ஓட்டாவது வாங்கினால்தான் தேர்தல் செலவில் பெரும் பகுதியைச் சர்க்கார் திருப்பிக் கொடுக்கும். 2002-ல் அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்ததும் கட்சியின் பெட்டி காலியாயிற்று. வீடோ கண்ணாடி வீடு. பராமரிப்பு என்றால் சும்மாவா? கூட்டுக் குடும்பத்துக்கென்று இரண்டு கட்டு வீடு கட்டிவிட்டு, பிள்ளைகள் பட்டணத்துக்குப் போன பிறகு தனியே உட்கார்ந்திருக்கும் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த அறையில் விளக்கேற்றுவது, எதைப் பூட்டி வைப்பது?

பெரியவர் செய்வதைத்தான் கட்சியும் செய்தது. ஒரு பகுதியை வாடகைக்கு விட்டது! சில மாடிகளில் வேறு காரியாலயங்கள் வந்தன. பூமிக்கடிக் கூடத்தில் கலைக் கண்காட்சிகள் நடந்தன. பேர் பெற்ற ஆடை அலங்காரக் கம்பெனிகள், தொழிலாளி வர்க்கத்தின் கூடத்தில் பல ஆயிரம் பெறுமான உடைகளை உடுத்திய அழகிகளை நடக்க விட்டன. சினிமாக்காரர்களுக்கும் அந்த இடம் பிடித்துப் போயிற்று. 2013-ல் வெளிவந்த மிஷேல் கோந்த்ரியின் படம் ஒன்றில் அதைக் காணலாம்.

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. பணக்காரர்களை ஒழிப்போம் என்று கட்டிய வீடு, பணக்காரர்களின் வாடகையில் நிற்கிறதே என்றார்கள். வாரக் கூலியிலிருந்து நன்கொடை கொடுத்த ஒரு தொழிலாளி இதைப் பார்த்தால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று வருந்தியவர்களும் உண்டு. வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் விற்றுவிட்டுப் போயிருந்தால்? அந்தத் தொழிலாளியின் பேரனுக்கு, "இது நம் தாத்தா கொடுத்த காசில் நிற்கிற வீடு" என்று கைகாட்ட ஒன்றுமே இருந்திராது.

கட்சி விற்கவில்லை. 2007-ஆம் ஆண்டு, எந்த வருஷத்தில் அதன் ஓட்டு நூற்றுக்கு இரண்டைக் கூடத் தொடவில்லையோ அதே வருஷத்தில், பிரஞ்சு சர்க்கார் அந்தக் கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டிய சரித்திரச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

கடைசியில் யார் வீடு?

நீமாயர் 1980-களில் தாயகம் திரும்பிவிட்டார். தொண்ணூறு வயதுக்குப் பிறகும் வரைந்துகொண்டே இருந்தார். 2012 டிசம்பர் 5-ஆம் தேதி, 105-ஆவது பிறந்த நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது ரியோ நகரில் காலமானார். கொள்கையை அவர் கடைசி வரை விடவில்லை.

பிரஞ்சுக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைமை இன்றும் கர்னல் ஃபாபியன் சதுக்கத்தில்தான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை, செப்டம்பர் மாதத்தில், பழம் பெருமை வாய்ந்த கட்டடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து விடும் வழக்கம் பிரான்ஸில் உண்டு. அந்த நாளில் இந்த வீட்டையும் பார்க்க ஜனங்கள் வருகிறார்கள். அவர்களில் கம்யூனிஸ்டுகளும் இருப்பார்கள், அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்களும் இருப்பார்கள். எல்லாரும் ஏறி இறங்கும் தரையில் நடந்து, அலுமினியக் கூரையை அண்ணாந்து பார்த்து, குழந்தைகளுக்கு விரல் நீட்டிக் காட்டுகிறார்கள்.

கட்சி வளர்ந்த நாளில் உள்ளே வரத் தயங்கியவர்கள், அது மெலிந்த நாளில் தாராளமாக வருகிறார்கள். மனையை நிரப்பாமல் முன்னால் ஒரு திடலை விட்டாரே நீமாயர், அந்தத் திடலின் வழியாகத்தான் வருகிறார்கள்.

நீங்களும் என்றைக்காவது பாரிஸுக்குப் போனால் ஐஃபெல் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பார்பெஸில் வண்டி ஏறி, நாலாவது நிலையத்தில் இறங்குங்கள்.